நத்தையும் சாட்டையும்: வீட்டிலிருந்து வரும் கருத்தை வகுப்பில் என்ன செய்வது?

பத்தாம் வகுப்பில் இந்திய அரசியலமைப்பு பாடத்தைத் தொடங்கும் நாளில், கரும்பலகையில் தலைப்பை எழுதி முடிப்பதற்குள் சில வாக்கியங்கள் வந்து விழும்.

"நம்ம அரசியலமைப்பு வேற நாட்டைப் பார்த்துக் காப்பி அடிச்சதாம்ல டீச்சர்?"

"மூணு வருசம் இழுத்தடிச்சாங்களாம்."

"அம்பேத்கர் எழுதவே இல்லையாம், சும்மா பேருக்குத்தானாம்."

ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுகிறார்கள், வாக்கியங்கள் மாறுவதில்லை. மூன்றிலும் உள்ள 'ஆம்' என்ற ஒட்டைக் கவனியுங்கள். காப்பி அடித்ததாம், இழுத்தடித்தார்களாம், எழுதவில்லையாம். நான் நேரில் அறிந்ததல்ல, பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டுவதற்குத் தமிழில் இப்படி ஒரு சின்ன ஒட்டு இருப்பது சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பெரிய வசதி. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டதாகவே சொல்கிறார்கள். ஆனால் யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்ற மூன்றையும் அந்த 'ஆம்' விழுங்கிவிடுகிறது.

பாடநூல் 'ஆம்' போடாது. அது 'எனக் கருதப்படுகிறது' என்று எழுதும். 'விமர்சனங்கள் எழுந்தன' என்று எழுதும். கருதியவர் யார், விமர்சித்தவர் யார் என்று பெரும்பாலும் சொல்லாது. பாடநூல் எழுதுபவர்களைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. நாளிதழில் ஒரு கட்டுரை பிடிக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிடலாம். பாடநூலை அப்படி மடித்து வைக்க முடியாது, தேர்வு இருக்கிறது. ஒரே வாக்கியம் லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் போகிறது. அதைப் படித்து எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் கூனிக்குறுகக் கூடாது. இந்தப் பொறுப்பைச் சுமப்பவர் பெயர்களையும் காரசாரங்களையும் குறைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அதன் விளைவு நம் தலையில் விடிகிறது. வீட்டிலிருந்து வரும் கருத்துக்கும் சொந்தக்காரர் இல்லை, புத்தகத்தில் இருக்கும் கருத்துக்கும் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் இல்லாத கருத்தோடு பதினைந்து வயதுப் பிள்ளை எப்படி வாதாடும்?

பெயரும் தேதியும் உள்ள ஒரு கருத்து பாடநூலில் இடம்பெற்று, பிறகு நீக்கப்பட்ட கதை ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு அது அரைகுறையாக நினைவிருக்கும்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தது. அரசியல் அறிவியல் நூல்களுக்கு சுஹாஸ் பல்ஷிகர், யோகேந்திர யாதவ் இருவரும் முதன்மை ஆலோசகர்கள். அரசியலமைப்பு பற்றிய பதினொன்றாம் வகுப்பு நூல் 2006இல் வெளிவந்தது. அந்த வரிசை நூல்கள் கேலிச்சித்திரங்களை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை, பாடப்பொருளாகவே வைத்தன. நம் நாளிதழ்களில் இதைக் கருத்துப்படம் என்றும் சொல்வோம். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். அது ஒருவருடைய கருத்து என்று பெயரிலேயே இருக்கிறது.

அதில் ஒன்று புகழ்பெற்ற ஓவியர் சங்கர் 1949இல் வரைந்தது. அரசியலமைப்பு என்று எழுதப்பட்ட ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், கையில் சாட்டை. பின்னால் நேரு நிற்கிறார், அவர் கையிலும் சாட்டை. சுற்றிலும் மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அரசியலமைப்பை உருவாக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று யோசிக்கும்படி படத்தின் அருகே மாணவரிடம் கேட்டிருந்தார்கள்.

ஐந்தாறு ஆண்டுகள் நூல் வகுப்புகளில் இருந்தது. 2012 மே மாதம் 11ஆம் தேதி, நம் மாநிலத்தைச் சேர்ந்த தொல். திருமாவளவன் உள்ளிட்ட உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பினர். அம்பேத்கரை நேரு சாட்டையால் அடிப்பது போல் இருக்கிறது, இது அவமதிப்பு என்பது எதிர்ப்பு. படம் நீக்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஆலோசகர்கள் இருவரும் அன்றே பதவி விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. பிறகு பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைந்து, அந்த வரிசை நூல்களில் உள்ள பல படங்களை நீக்கவோ மாற்றவோ பரிந்துரைத்தது. குழுவில் இருந்த நம் ஊர் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் அதற்கு உடன்படாமல் தன் மறுப்பைத் தனியே பதிவு செய்தார். சாதி குறித்தும் திராவிட இயக்கம் குறித்தும் ஆழமாக எழுதியவர் அவர். அம்பேத்கர்மேல் மதிப்புள்ளவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதற்காகவே அவர் பெயரை வகுப்பில் சொல்கிறேன்.

எதிர்ப்பைக் 'கேலிச்சித்திரம் புரியாதவர்களின் கூச்சல்' என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாட்டை என்பது எல்லா வீட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. தாத்தா பண்ணையில் வேலை செய்து சாட்டையடி வாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கும் பார்வை வேறு. பக்கத்தில் இருப்பவன் அதைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு ஏற்படுவது வேறு. 1949இல் நாளிதழ் வாசகர் யாருக்கும் இது விளக்க வேண்டியதாக இருந்திருக்காது. 2012இல் இருந்தது, இன்றும் இருக்கிறது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. படத்தை எடுத்துவிட்டதோடு அந்தக் கேள்விக்கான பதிலும் பேசப்படாமல் போனதுதான் எனக்குக் குறை. அந்தப் பதிலைச் சொன்னவர் வேறு யாருமல்ல, அம்பேத்கரே.

படம் வந்த அதே ஆண்டு, நவம்பர் 25ஆம் தேதி, அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய நிறைவுரையை ஆசிரியர்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். தாமதக் குற்றச்சாட்டை அவரே எடுத்துவைக்கிறார். சபை முதலில் கூடிய 1946 டிசம்பர் 9இலிருந்து கணக்கிட்டால் 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள். (17 நாளா 18 நாளா என்று பொது அறிவு வினாத்தாள்களில் நடக்கும் சண்டை தனி. தொடங்கிய நாளையும் சேர்த்தால் 18 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.) இதில் சபை அமர்ந்தது 11 கூட்டத்தொடர்களில் 165 நாட்கள், வரைவை விவாதித்தது 114 நாட்கள் என்கிறார். பிறகு மற்ற நாடுகளை வரிசையாக வைக்கிறார். அமெரிக்கா 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, நான்கு மாதத்துக்குள் முடித்தது. கனடாவுக்கு 2 ஆண்டு 5 மாதம். ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டுகள். தென்னாப்பிரிக்காவுக்கு ஓராண்டு. அமெரிக்க அரசியலமைப்பில் 7 பிரிவுகள், கனடாவில் 147, ஆஸ்திரேலியாவில் 128, தென்னாப்பிரிக்காவில் 153. நம்முடையதில் 395. அதோடு சபையில் முன்மொழியப்பட்ட 2,473 திருத்தங்களையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சபையிலேயே கேலியும் இருந்தது. நசிருத்தீன் அகமது என்ற உறுப்பினர் 'டிராஃப்டிங் கமிட்டி' என்ற பெயரை 'டிரிஃப்டிங் கமிட்டி' என்று மாற்றினார். வரைவுக் குழு அல்ல, போக்கில் மிதந்துபோகும் குழு என்று பொருள். அம்பேத்கர் அதையும் மேடையிலேயே எடுத்துக்கொண்டு, மிதந்தோம்தான், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்தே மிதந்தோம் என்ற பொருளில் பதில் சொல்லி, அந்தக் கேலியைப் பாராட்டாகவே ஏற்பதாகச் சொன்னார்.

இதை வகுப்பில் நான் செய்யும் முறை இது. படத்தை முதலில் காட்டுவதில்லை. "1949இல் சங்கர் என்ற ஓவியர் அரசியலமைப்பு நத்தை வேகத்தில் நகர்கிறது என்று கேலி செய்தார்" என்று பெயரோடும் ஆண்டோடும் கரும்பலகையில் எழுதி, ஒரு நத்தையை மட்டும் வரைகிறேன். (என் நத்தை பார்ப்பதற்கு ஜிலேபி போல இருக்கும். வகுப்பு கலகலப்பாகத் தொடங்க அது உதவுகிறது.) பிறகு அம்பேத்கர் தந்த எண்களை எழுதி, யார் நத்தை என்று கணக்குப் போடச் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு 115 நாள், 7 பிரிவு. ஒரு பிரிவுக்குச் சுமார் 16 நாள். நமக்கு 1,083 நாள், 395 பிரிவு. ஒரு பிரிவுக்கு மூன்று நாள்கூட இல்லை. வகுப்பு கைதட்டும்.

அங்கே நிறுத்தக் கூடாது. சென்ற ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன், "அவங்களோட ஒரு பிரிவு நம்மளோட பத்துப் பிரிவு அளவுக்குப் பெருசா இருந்தா, டீச்சர்?" என்று கேட்டான். சரியான கேள்வி. அமெரிக்காவின் முதல் பிரிவே பத்து உட்பகுதிகள் கொண்டது. அப்படியானால் பிரிவுகளை எண்ணி ஒப்பிடுவது போதுமா? பக்கங்களை எண்ண வேண்டுமா? எத்தனை பேருக்காக எழுதினார்கள், எத்தனை மொழிகள், எத்தனை சமஸ்தானங்கள், பிரிவினைக் கலவரத்துக்கு நடுவில் எழுதினார்களா என்றெல்லாம் அரை மணி நேரம் பேச்சு நீண்டது. அம்பேத்கர் சொன்னார் என்பதற்காக எண்ணை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்த பிள்ளையை நான் பாராட்டினேன். சங்கரைக் கேள்வி கேட்கலாம் என்றால் அம்பேத்கரையும் கேட்கலாம். அவர் வாழ்ந்த முறையும் அதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்தப் படத்தைப் பற்றியும், சாட்டையைப் பற்றியும், 2012இல் நடந்ததைப் பற்றியும் பேசுகிறேன். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கும் பிள்ளை அதைக் கண்டு சுருங்குவதில்லை. "இந்தப் படம் பாடநூலில் இருக்கலாமா?" என்று கேட்டு இரண்டு பக்கத்துக்கும் காரணம் எழுதச் சொல்கிறேன். 'இருக்கலாம், ஆனால் அவர் சொன்ன பதிலும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். 'எங்கள் தெருவில் இந்தப் படத்தைப் பார்த்தால் சண்டை வரும், அதனால் வேண்டாம்' என்று இன்னொருவன். இரண்டையும் வாசித்துக் காட்டினேன். சாதிப் பதற்றம் இருக்கும் ஊரில் பணியாற்றும் ஆசிரியர் படத்தைக் காட்டாமல் நத்தையோடு நிறுத்திக்கொண்டாலும் பாடம் குறைவுபடாது. ஊரை அறிந்தவர் அவர்தான். படத்தைக் கைப்பேசியில் எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பெயரும் ஆண்டும் கழன்று படம் மட்டும் சுற்றத் தொடங்கினால் அது மறுபடியும் ஓர் 'ஆம்' ஆகிவிடும்.

மற்ற இரண்டு வாக்கியங்களுக்கும் இதே போல ஆளையும் நாளையும் தேடலாம். காப்பி அடித்தது என்ற குற்றச்சாட்டு அன்றே இருந்தது. 1948 நவம்பர் 4ஆம் தேதி வரைவை முன்வைத்துப் பேசியபோது அம்பேத்கர் அதற்குப் பதில் சொன்னார். கடன் வாங்கியதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்பது அவர் வாதம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாக இருப்பதுதான் தனக்கு வருத்தம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

'பேருக்குத்தான்' என்பதற்குப் பதில் சொல்ல நம் சென்னை மாகாணத்து உறுப்பினர் ஒருவரே இருக்கிறார். மறுநாள், நவம்பர் 5 அன்று, டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசினார். வரைவுக் குழுவில் நியமிக்கப்பட்ட எழுவரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்கு வேறு அரசுப் பணி, ஓரிருவர் உடல்நிலை காரணமாக டெல்லியில் இல்லை; கடைசியில் வரைவுச் சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று சபையில் பதிவு செய்தார். அவரும் பிறகு அந்தக் குழுவில் இடம்பெற்றார். இதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் எதிர்முனைக்குப் போய்விடுவார்கள்: 'அப்போ எல்லாம் அவர் ஒருத்தரே எழுதினாரு!' நிறைவுரையில் அம்பேத்கரே தொடக்க வரைவைத் தயாரித்த பி.என். ராவுக்கும், சட்ட வாசகங்களைச் செதுக்கிய எஸ்.என். முகர்ஜிக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார். ஒரே மனிதரைப் பற்றி இரண்டு மிகைகள். இரண்டுக்கும் அவையின் பதிவேட்டிலேயே பதில் இருக்கிறது.

அடுத்தவர் புண்பட்டால் 'இதற்கெல்லாமா கோபம்' என்போம். நமக்கென்று வரும்போது? அதே 2012இல், ஜூன் மாதம், பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த ஆர்.கே. லக்ஷ்மணின் படம் தமிழ்நாட்டில் கொதிப்பை உண்டாக்கியது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கிய மாணவருக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது என்று கிண்டல் செய்யும் படம். நம் மாநிலத்தில் எதிரெதிர்க் கட்சிகள் ஒரே குரலில் நீக்கச் சொன்னது அபூர்வம். அப்போது அது நடந்தது. அந்தப் போராட்டத்தில் உயிர்களை இழந்த ஊர் நாம். ஆசிரியர்களின் அறையில், முதல் படத்துக்கு வந்த எதிர்ப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் இரண்டாவதற்குக் கொதித்ததைப் பார்த்தேன், நேர்மாறாகவும் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விவாதிக்கச் சொல்லுங்கள். 1965 போராட்டத்துக்குப் பிறகு 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் தொடர வழி கிடைத்தது என்பதையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். லக்ஷ்மணுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

விவாதம் சூடு பிடித்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" இதில் எனக்கு உதவியது ஜெர்மனியின் அனுபவம். 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிய குடிமைக் கல்வியாளர்களின் பேச்சிலிருந்து சில நெறிகள் உருவாயின. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணித்து அவர்களை மலைக்கவைக்கக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே தெரிய வேண்டும். மாணவர் தன் நிலையிலிருந்து அதை ஆராயக் கற்க வேண்டும். நாஜி ஆட்சியில் பள்ளி எதற்குப் பயன்பட்டது என்று அறிந்த நாடு என்பதால் இந்த எச்சரிக்கைக்கு எடை அதிகம். நான் என் கருத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில், எல்லோரும் எழுதி முடித்த பின்பு சொல்கிறேன். முன்பே சொன்னால் நாற்பது நோட்டிலும் என் கருத்துதான் இருக்கும், மதிப்பெண்ணுக்காக.

எல்லாவற்றையும் இரண்டு பக்கமாகப் பிரித்து விவாதிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தீண்டாமை சரியா தவறா என்று வகுப்பில் பட்டிமன்றம் நடத்த முடியாது. பிரிவு 17 அதை ஒழித்து, கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கிவிட்டது. ஒரு பிள்ளையின் மனிதத்தன்மையை இன்னொரு பிள்ளை ஓட்டுக்கு விடுவது விவாதம் ஆகாது. அங்கே நான் நடுநிலை வகிப்பதில்லை, நீங்களும் வகிக்கத் தேவையில்லை. ஒரு படம் பாடநூலில் இருக்கலாமா என்பது வேறு வகைக் கேள்வி. அதில் நியாயமானவர்கள் இரண்டு பக்கமும் நிற்க முடியும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது எட்டாத பாடம் என்று தோன்றலாம். என்னுடன் பயிற்சிக்கு வந்த ஓர் இடைநிலை ஆசிரியை ஐந்தாம் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். வகுப்புக்கான விதிகளைப் பிள்ளைகளே எழுத வேண்டும், ஒவ்வொரு விதியையும் எல்லோரும் பேசித் திருத்தலாம் என்று விட்டுவிட்டார். ஐந்து விதிகளுக்கு நான்கு நாட்கள் ஆயின. 'தண்ணீர் பாட்டிலை அடுத்தவர் எடுக்கக் கூடாது' என்ற விதியில் மட்டும் ஒன்றரை நாள் போனது; பாட்டில் கொண்டுவராத பிள்ளை என்ன செய்யும் என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டாள். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தவன், "இன்னுமா முடிக்கல?" என்றானாம். சங்கரின் நத்தை ஐந்தாம் வகுப்புக்கே வந்துவிட்டது.

என் வகுப்பில் இதற்கென ஒரு குறிப்பேடு இருக்கிறது. பக்கத்துக்கு நான்கு கட்டம்: கேட்ட வாக்கியம், எங்கே கேட்டது, முதலில் சொன்னவர் யார் எப்போது, அதற்குப் பதில் சொன்னவர் யார். பிள்ளைகள் 'ஆம்' வரும் வாக்கியங்களை முதல் கட்டத்தில் எழுதுகிறார்கள். மூன்றாவது, நான்காவது கட்டங்கள் நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். நூலகப் பாடவேளை அதற்குத்தான். சில பக்கங்கள் ஆண்டு முடியும்வரை நிரம்புவதே இல்லை. அவற்றை அடித்துவிடாமல் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு விட்டுவைக்கிறேன். இரண்டாவது கட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆட்களின் பெயரை எழுதவிடாதீர்கள். 'வீட்டில்', 'பேருந்தில்', 'டீக்கடையில்', 'கைப்பேசியில்' என்று இடத்தை எழுதினால் போதும். குறிப்பேட்டைப் பெற்றோர் கூட்டத்தன்று மேசைமேல் திறந்தே வையுங்கள். புரட்டிப் பார்ப்பவர்களில் ஓரிருவர் நான்காவது கட்டத்துக்குத் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.